சி மொழியும் நம் ‘உம்’மும்

ஆலய ஆண்டு மலரில் கணினிப் பாடம் எதற்கு என்று பக்தப் பெருமக்கள் சிலர் வியக்கக்கூடும். நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைத் தரம் பிரிப்பதற்காக நான் எழுதிய ஒரு சிறு நிரலில் பிழை நேர்ந்துவிட்டது. நன்கொடையாளர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியது என் கடமை. சொல்வதற்கு முன் சி மொழியின் மூன்று குறிகளை விளக்கியாக வேண்டும். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனின் பழக்கம், பொறுத்தருள்க.

சி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். இக்காலப் பிள்ளைகள் பைத்தானில்தான் தொடங்குகிறார்கள். ஆயினும் அந்தப் பைத்தானை இயக்கும் நிரலே பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டதுதான். இம்மொழியில் 0 என்றால் பொய். 0 அல்லாத எந்த எண்ணும் மெய். (கணினியில் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவது வழக்கம். இங்கே படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழில் தருகிறேன்.)

முதற்குறி &&. இருபுறமும் மெய்யானால்தான் விடை மெய். தைப்பூசத்தை நினைத்துக் கொள்ளுங்கள். தை மாதமாகவும் இருக்க வேண்டும், பூச நட்சத்திரமாகவும் இருக்க வேண்டும். பங்குனியில் பூசம் வந்தால் காவடி கிடையாது. இரண்டாவது குறி ||. ஒருபுறம் மெய்யானாலும் போதும். பால்குடமோ காவடியோ எடுப்பவர் ஊர்வல வரிசையில் நிற்கலாம் என்றால், இரண்டும் எடுப்பவரை யாரும் வெளியே தள்ளுவதில்லை அல்லவா? அதுபோல இருபுறமும் மெய்யானாலும் || மெய்யே. மூன்றாவது ஆச்சரியக்குறி. அது மெய்யைப் பொய்யாக்கும், பொய்யை மெய்யாக்கும். முதலிரண்டையும் இரட்டையாகவே எழுத வேண்டும். ஒற்றை & வேறு வேலை செய்வது. 4 && 2 என்பதற்கு விடை 1; 4 & 2 என்பதற்கோ விடை 0.

இனித் தமிழரான நமக்கென்றே உள்ள ஒரு கண்ணியைச் சொல்கிறேன். “மாணவர்களுக்கும் முதியோருக்கும் அர்ச்சனைச் சீட்டு இலவசம்” என்று ஓர் அறிவிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘உம்’ இரண்டு முறை வந்திருக்கிறதே என்று (மாணவர் && முதியவர்) என எழுதினால் என்னவாகும்? என் பேரனுக்குச் சீட்டு இல்லை, அவன் முதியவன் அல்லன். எனக்கும் இல்லை, நான் மாணவன் அல்லன். அறுபதைத் தாண்டிய நான் மறுபடியும் பள்ளியில் சேர்ந்தால்தான் சீட்டு! இங்கே எழுத வேண்டியது ||. உம் என்னும் இடைச்சொல்லுக்கு நன்னூலார் எட்டுப் பொருள் கூறுவார். அவற்றுள் இது எண்ணும்மை. அது ஆட்களை எண்ணுகிறது. நிரலோ ஒரே ஆளை முன்னால் நிறுத்தி அவரிடம் நிபந்தனையைக் கேட்கிறது. வாக்கியத்தில் ‘உம்’ இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டு, நிற்பவர் ஒருவரிடம் என்ன கேட்கிறோம் என்று பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொன்று, வரிசை. && இடப்புறத்தை முதலில் பார்க்கும். அது பொய்யென்றால் வலப்புறத்தைத் திரும்பியும் பாராது. இதனால் பெரிய நன்மை உண்டு. குடும்ப வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு எவ்வளவு என்று பார்ப்பது சிங்கப்பூரில் வழக்கம். படிவத்தில் எண்ணிக்கையை நிரப்பாமல் விட்டவர்களுக்கு 0 என்று பதிவாகும். 0-ஆல் வகுக்கச் சொன்னால் நிரல் பாதியிலேயே நின்றுபோகலாம். (ஆட்கள் != 0 && வருமானம் / ஆட்கள் <= வரம்பு) என்று எழுதினால் அந்த வகுத்தலே நடைபெறாது. இடம் மாற்றி எழுதினால் காவல் போயிற்று.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். எங்கள் விதி எளியது. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளை, அல்லது பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளை, உதவிக்கு உரியவர். அதாவது (குறைவருமானம் || இழப்பு). யாருக்கு வருத்தக் கடிதம் அனுப்புவது என்ற பட்டியலுக்கு இதை மறுத்து எழுத வேண்டும். நான் இரண்டின் முன்னும் ஆச்சரியக்குறியைப் போட்டுவிட்டு, நடுவிலிருந்த || குறியை அப்படியே விட்டுவிட்டேன். (!குறைவருமானம் || !இழப்பு). வறுமை இருந்தும் தாய் தந்தை இருவரும் உயிரோடிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் விலக்கப்பட்டார்கள். கடிதங்களும் தபாலில் போய்விட்டன.

சில நாள் கழித்துச் செங்காங் அடுக்குமாடி ஒன்றில் வசிக்கும் ஓர் அம்மா மாலைப் பூசைக்கு வந்தவர், அலுவலகத்தில் தயங்கி நின்று, “ஐயா, நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறதுதான் குத்தமா?” என்று கேட்டார். பக்கத்து வீட்டில் தகப்பனை இழந்த பிள்ளைக்குக் கிடைத்து, தம் மகளுக்கு மட்டும் கிடைக்காததைப் பார்த்து அவராகவே ஊகித்திருக்கிறார். நான் இரவு முழுவதும் தேடியிருந்தாலும் அவ்வளவு சரியாகப் பிழையைச் சுட்டியிருக்க மாட்டேன்.

மறுக்கும்போது நடுவிலுள்ள குறியும் மாற வேண்டும். || என்பது && ஆகும், && என்பது || ஆகும். இதற்கு டி மார்கன் விதி என்று பெயர். இந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் பிறந்தது வேறெங்குமில்லை, மீனாட்சியம்மன் ஆட்சி செய்யும் மதுரையில்! தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இங்கிலாந்து சென்ற டி மார்கன், 1828இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அவருடைய தருக்க நூல் 1847இல் வந்தது. ஜார்ஜ் பூலின் முதல் தருக்க நூலும் அதே ஆண்டுதான். டெல்லிக் கணித ஆசிரியர் ராமச்சந்திராவின் நூலை 1859இல் லண்டனில் முன்னுரையுடன் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவரும் இவரே. இவ்விதியை இடைக்கால ஐரோப்பியத் தருக்க அறிஞர்களும் அறிந்திருந்தனர் என்றாலும், நிலைத்தது மதுரையில் பிறந்தவரின் பெயர்தான்.

சரியான வரி (!குறைவருமானம் && !இழப்பு). அல்லது அடைப்புக்குறிக்கு வெளியே ஒரே குறி போட்டு !(குறைவருமானம் || இழப்பு). எனக்குப் பின்னது பிடிக்கும், விதியைச் சொன்னபடியே வைத்து மறுப்பதால்.

செயற்குழுவிடம் அன்றே ஒப்புக்கொண்டேன். விலக்கப்பட்ட குடும்பங்களுக்கு நானே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். தொகையும் அந்த வாரமே போய்ச் சேர்ந்தது. இவ்வாண்டு நிரலை ஓட்டுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு கற்பனைப் பிள்ளைகளை எழுதினேன். இரண்டும் உடையவர், வறுமை மட்டும் உடையவர், இழப்பு மட்டும் உடையவர், இரண்டும் இல்லாதவர். நான்காமவருக்கு மட்டுமே வருத்தக் கடிதம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உண்மையான விண்ணப்பங்களைத் திறந்தேன்.