மறைமலை நகரில் உட்கார்ந்தபடி கொளவாய் ஏரியில் இறங்கலாம்: சிமுலேட்டரில் பழைய மிதவை விமானம் ஓட்டப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஏற்றியதும் எல்லோரும் முதலில் ஏர்பஸ்ஸைத்தான் தேடுகிறார்கள். மீனம்பாக்கத்தில் கிளம்புவார்கள், ஆட்டோபைலட்டைத் தட்டுவார்கள், பெங்களூரு வரும்வரை டீ குடிப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் கையும் காலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால் வேறொரு விமானம் வேண்டும். 1930-களின் பாணியில் வீட்டுக் கொட்டகையில் மரத்தாலும் துணியாலும் கட்டி, கார் என்ஜின் பூட்டி, சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகளில் உட்காரவைத்த விமானம். அதில் ஆட்டோபைலட் இல்லை, பிரேக்கும் இல்லை. முதல் நாள் அது நீரை விட்டு எழும்பவே மறுக்கும். இந்த வழிகாட்டி அந்த மறுப்பைத் தாண்டுவதற்கு.

எந்த விமானம்?

பீட்டன்போல் ஏர் கேம்பர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் தானாகவே தொழில் கற்ற பெர்னார்ட் பீட்டன்போல் என்ற மெக்கானிக் 1920-களின் இறுதியில் உருவாக்கியது. கார் என்ஜினை வைத்து உருப்படியாகப் பறக்க முடியாது என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதப்போக, 1930-இல் ஃபோர்டு மாடல் ஏ என்ஜின் பூட்டிய தன் விமானங்களை அவர் இருந்த ஊருக்கே ஓட்டிப்போய்க் காட்டினார் பீட்டன்போல். பிறகு அதன் வரைபடங்கள் அந்தப் பத்திரிகை வெளியிட்ட கையேட்டிலேயே அச்சாகின. இன்றைக்கும் அந்த வரைபடத்தை வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பின்னாக இரண்டு திறந்த இருக்கைகள், தலைக்கு மேல் ஒற்றை இறக்கை, 40 குதிரைத்திறன். ரேடியேட்டர் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே நிமிர்ந்து நிற்கும். பாதிப் பார்வையை அதுவே தின்றுவிடும்.

ஃபோர்டு ஆலையைப் பார்த்தே வளர்ந்த மறைமலை நகர்க்காரர்களுக்கு அந்த என்ஜினின் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் விமானம் கட்டும் பைத்தியமும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் தனக்கொரு விமானம் செய்துகொண்டு 1910-இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். நீரில் இறங்கும் விமானங்களும் சென்னைக்குத் தெரியும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலீனா விமானங்களோடு புழல் ஏரியில்தான் தங்கியிருந்தது.

ஆனால் ஏர் கேம்பரில் தொடங்காதீர்கள். அதே காலத்து விமானமான பைப்பர் கப்பில் பழகுங்கள். அது தொழிற்சாலையில் செய்தது என்றாலும் எடையிலும் குணத்திலும் நெருங்கியது. 65 குதிரைத்திறன் இருப்பதால் கொஞ்சம் மன்னிக்கும்.

மென்பொருளும் கைப்பிடியும்

காசு செலவழிக்க விருப்பமில்லையென்றால் ஃப்ளைட்கியர். முழுக்க இலவசம், நடுத்தர லேப்டாப்பிலும் ஓடும். அதன் செஸ்னா 172-க்கும் பைப்பர் கப்புக்கும் மிதவை வடிவங்கள் உண்டு. நில அமைப்பைத் தானாகவே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது.

எக்ஸ்-பிளேன் 12 விலை கொடுத்து வாங்க வேண்டியது, முன்னோட்டப் பதிப்பு இலவசம். விமானத்தை நாமே மாற்றியமைக்க ‘பிளேன் மேக்கர்’ என்ற கருவி கூடவே வருகிறது. நம் நோக்கத்துக்கு இதுதான் சரியானது என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்டின் சிமுலேட்டரில் செங்கல்பட்டின் கூரைகள்கூடத் தெரியும். காட்சிக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும்.

ஜாய்ஸ்டிக் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். விசைப்பலகையில் ஏர்பஸ்ஸை ஓட்டிவிடலாம், மிதவை விமானத்தை முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: பிடியை இடவலமாகத் திருக முடிய வேண்டும் (அது வாலில் உள்ள, மூக்கை இடவலம் திருப்பும் ரடருக்கு), என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குத் தனி நெம்புகோல் இருக்க வேண்டும். கால் பெடல் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஏரியைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். நம் ஏரிகள் ஐப்பசியில் நிரம்பிச் சித்திரையில் வற்றுபவை. சிமுலேட்டரின் நிலப்படம் எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டதோ, கரைக்கோட்டை யார் வரைந்தார்களோ, அதைப் பொறுத்துச் சில ஏரிகள் நீராக இருக்கும். சில, நீலம் பூசிய கட்டாந்தரையாக இருக்கும். தரையில் மிதவையை வைத்தால் ‘விபத்து’ என்று திரை சொல்லும், உங்களுக்கோ காரணம் புரியாது. அதனால் முதலில் சாதாரணச் சக்கர விமானத்தில் ஏரிக்கு மேல் தாழப் பறந்து பாருங்கள். அலை அசைகிறதா, வானம் பிரதிபலிக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் தேர்வு செங்கல்பட்டு கொளவாய் ஏரி. அகலமானது, ரயில் பாதையை ஒட்டியே கிடப்பதால் மேலிருந்து தேட வேண்டாம். இடக் குறியீடாக அட்சரேகை 12.70, தீர்க்கரேகை 79.99 கொடுத்தால் அந்தப் பகுதியில் கொண்டுபோய் விடும். உங்கள் மென்பொருளில் அது தரையாகக் காட்டினால் செம்பரம்பாக்கமோ புழலோ முயலுங்கள். எதுவும் சரிவரவில்லையா, கோவளத்துக் கடல் எப்போதும் நீர்தான். அலையின் உயரத்தை மட்டும் அமைப்பில் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம்: பறக்காதீர்கள்

விமானத்தை நீரில் வைத்து என்ஜினைக் கிளப்புங்கள். உடனே நகரத் தொடங்கும். நிறுத்த பிரேக் கிடையாது. கூடவே மூக்கு மெல்லத் திரும்பிக் காற்று வரும் திசையைப் பார்க்கும், ஏனென்றால் காற்று வாலைத் தள்ளுகிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஏரியில் சும்மா சுற்றுங்கள். பறப்பதை மறந்துவிடுங்கள்.

மிதவைகளின் பின்முனையில் சிறிய சுக்கான்கள் இருக்கும். மெதுவாகப் போகும்போது அவற்றை இறக்கி வைக்க வேண்டும், வேகமெடுக்கும் முன் தூக்கிவிட வேண்டும். இதற்கு ஒரு பொத்தானை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்தே வைத்திருங்கள். அப்போதுதான் மூக்கு உயர்ந்து, விசிறியில் நீர் தெறிக்காது.

என்ஜினை மிகக் குறைத்து, காற்றுக்கு எதிர்முகமாக நின்றால் விமானம் பின்னோக்கி நகரும். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஏலரானையும் வாலின் ரடரையும் பாய் மாதிரி பயன்படுத்தி, பின்னாலேயே போய்க் கரையின் குறிப்பிட்ட இடத்தில் சேர்க்கலாம். இதைப் பழகுவதில் ஒரு மாலை போனாலும் நஷ்டமில்லை. ஏர்பஸ்காரர்களுக்கு இது வராது.

காற்றைப் படிக்கவும் இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். காற்று எந்தக் கரையிலிருந்து வருகிறதோ அந்தக் கரையோரம் நீர் சலனமில்லாமல் இருக்கும், எதிர்க்கரையில் அலை தட்டும். ஏரியில் கொடிக்கம்பம் கிடையாது.

நீரை விட்டு எழும்புதல்

மொத்த வித்தையும் இந்த அரை நிமிடத்தில் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

மூக்கைக் காற்றுக்கு நேரே வையுங்கள். சுக்கான்களைத் தூக்குங்கள். ஸ்டிக் முழுக்கப் பின்னால். த்ராட்டில் முழுக்க முன்னால், ஆனால் வெடுக்கென்று அல்ல. இப்போது மூக்கு எழும், எதிரே வானம் மட்டும் தெரியும். விமானம் இடப்பக்கம் இழுக்கும், வலது ரடரால் பிடியுங்கள். வேகம் ஏறவே ஏறாது. மிதவைகள் நீரை உழுதுகொண்டு போகின்றன, என்ஜினின் பலமெல்லாம் நீரைத் தள்ளுவதிலேயே போகிறது. புதியவர்கள் தோற்பது இங்கேதான். பொறுமையிழந்து ஸ்டிக்கைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள், மூக்கு விழுந்து நீர் அப்பும், வேகம் செத்துப்போகும்.

மூக்கு இரண்டாவது முறையாகச் சற்று உயர்ந்து அங்கேயே நிற்பதைக் கவனியுங்கள். அதற்கு மேல் உயராது என்று தெரிந்ததும் ஸ்டிக்கை மெல்ல நடுப்பக்கம் விடுங்கள். மிதவையின் அடிப்பாகத்தில் நடுவே ஒரு படி வெட்டியிருப்பார்கள். விமானம் இப்போது அந்தப் படிமேல் ஏறிக்கொள்ளும். ஏரியில் வீசிய ஓட்டாஞ்சில்லு தத்திப் போவதுபோல நீரின் மேற்பரப்பில் வழுக்கத் தொடங்கும். சத்தம் மாறும், கரை வேகமாகப் பின்னால் ஓடும், வேகமானி மளமளவென்று ஏறும்.

இங்கே ஓர் ஆபத்து. மூக்கை அதிகம் தாழ்த்தினால் விமானம் முன்னும் பின்னும் துள்ள ஆரம்பிக்கும். ஒவ்வொரு துள்ளலும் முந்தியதைவிடப் பெரிதாக வரும். துள்ளலுக்கு எதிராக ஸ்டிக்கை ஆட்டித் துரத்தாதீர்கள், எப்போதும் ஒரு கணம் பிந்திவிடுவீர்கள். லேசாகப் பின்னிழுத்துப் பிடியுங்கள். அடங்கவில்லையென்றால் த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கை முழுக்க இழுத்து, நின்று, மறுபடி தொடங்குங்கள். ஏரி எங்கேயும் போகாது.

மணிக்கு 40 மைலைத் தாண்டியதும் விமானம் லேசாகும். நீர் இன்னும் மிதவையை ஒட்டிப் பிடித்தால், ஏலரானால் ஒரு மிதவையை மட்டும் முதலில் தூக்குங்கள், மற்றதும் விடுபடும். எழும்பியதும் ஏறத் துடிக்காதீர்கள். சில அடி உயரத்திலேயே பறந்து 55 மைல் வந்தபின் ஏறுங்கள்.

தாம்பரத்திலிருந்து ரயில் பாதையைப் பிடித்து

எழும்பப் பழகும்வரை காத்திருக்க முடியாதவர்கள் வானிலேயே தொடங்கலாம். தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு மேல் (சிமுலேட்டரில் VOTX என்று தேடினால் கிடைக்கும்) 1,500 அடியில் விமானத்தை நிறுத்தி, மூக்கை 210 டிகிரிக்குத் திருப்புங்கள். நிஜத்தில் அந்த வானில் இப்படி மிதக்க யாரும் விடமாட்டார்கள். ஒரு பக்கம் படைத்தளம், மறுபக்கம் மீனம்பாக்கத்தில் இறங்கும் ஜெட்டுகள்.

ஜி.பி.எஸ்ஸை அணைத்துவிடுங்கள். கீழே ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் பின்னிப் போகும். வண்டலூரின் பச்சை, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரிக் கல்லூரிக் கட்டடங்கள், மறைமலை நகரின் ஆலைக் கூரைகள், சிங்கப்பெருமாள் கோயில் என்று மின்சார ரயிலில் போகிற வரிசையிலேயே வரும். நேர்க்கோட்டில் சுமார் 26 கிலோமீட்டர். கப்பின் வேகத்தில் கால் மணி நேரம்.

இறங்குதல்

ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக் காற்றைப் பாருங்கள். காற்றுக்கு எதிராக, 60 மைல் வேகத்தில் வாருங்கள். நீரைத் தொடும்போது மூக்கு சற்று உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் மிதவையின் முனை நீரைக் குத்தி விமானம் குப்புற விழும். தொட்டதும் த்ராட்டிலை மூடி ஸ்டிக்கை இழுத்து வையுங்கள். நீங்கள் எடுத்தது மிதவையோடு சக்கரமும் உள்ள வகையென்றால், சக்கரம் உள்ளே போயிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். சக்கரத்தை நீட்டிக்கொண்டு நீரில் இறங்கினால் கவிழ்வது நிச்சயம்.

காற்றே இல்லாத காலை நேரம் சுலபம் என்று தோன்றும். உண்மையில் அதுதான் கடினம். கண்ணாடி போன்ற நீரில் உயரமே தெரியாது. நிஜ விமானிகளே ஏமாறுவார்கள், தட்டைத் திரையில் நமக்குக் கேட்கவே வேண்டாம். அப்போது கரையை ஒட்டி வந்து, நிமிடத்துக்கு 150 அடி மட்டும் இறங்கும்படி த்ராட்டிலை வைத்து, மூக்கை லேசாக உயர்த்தி, அப்படியே காத்திருங்கள். நீர் தானாக வந்து தொடும். நீர் வந்துவிட்டது என்று நினைத்து ஸ்டிக்கை இழுத்தால் இருபது அடியிலிருந்து விழுவீர்கள்.

இனி, 40 குதிரைத்திறன்

கப் கைக்கு வந்துவிட்டால் எக்ஸ்-பிளேனில் உள்ள சூப்பர் கப் (பைப்பர் கப்பின் வழிவந்தது) கோப்புறையை நகலெடுத்து, மிதவை வடிவத்தைப் பிளேன் மேக்கரில் திறவுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். என்ஜின் பக்கத்தில் திறனை 40 ஆக்குங்கள். இறக்கை நீளத்தை 29 அடிக்கு மாற்றுங்கள். வெற்று எடை 610 பவுண்டு, அதாவது 277 கிலோ. அதோடு மிதவைகளின் எடையைச் சேருங்கள். திரையில் உருவம் கப்பாகவேதான் இருக்கும், உள்ளே ஓடும் கணக்கு மட்டும் மாறும். இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் காற்றின் விசையைக் கணக்கிடும் மென்பொருள் என்பதால் வித்தியாசம் உடனே கையில் தெரியும்.

மிதவை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அமெரிக்க விதியில் வந்த பழைய கணக்கு ஒன்று உண்டு: இரண்டு மிதவைகளும் சேர்ந்து விமானத்தின் முழு எடையைவிட 80 சதவீதம் கூடுதலாகத் தாங்க வேண்டும். ஏர் கேம்பரின் முழு எடை சுமார் 450 கிலோ என்றால் மொத்தம் 810, ஒரு மிதவைக்கு 405 கிலோ. மிதவையின் எடையும் சேர்ந்தால் இது இன்னும் கூடும். நடைமுறையில் முன்னிருக்கைக்காரரை இறக்கிவிட்டுத் தனியாகப் போக வேண்டியதுதான்.

பெட்ரோலைக் கால் பங்காகக் குறையுங்கள். நேரத்தைப் பிற்பகல் 4 மணியாக வைத்து, கிழக்கிலிருந்து 10 நாட் கடற்காற்று கொடுங்கள். எதிர்க்காற்று 10 நாட் வந்தால் நீரில் எடுக்க வேண்டிய வேகத்தில் அவ்வளவு குறையும், இந்த என்ஜினுக்கு அது பெரிய உதவி. ஏரியின் மேற்குக் கரையில் ரயில் பாதைக்கு முதுகைக் காட்டி நின்று தொடங்குங்கள். பாதி ஏரி போயும் விமானம் படிமேல் ஏறவில்லையென்றால் த்ராட்டிலை மூடிவிட்டு, பயணத்துக்கு வேண்டாத எடை இன்னும் என்ன இருக்கிறது என்று பிளேன் மேக்கரில் தேடுங்கள். இரண்டாவது இருக்கை, கதவு, மின்விளக்குக்கான பேட்டரி. ஆரம்பகால ஏர் கேம்பரில் பேட்டரியே கிடையாது.