போர்டோக் கலவை: பெயரும் பொருளும்

நம் மாவட்டத்தில் தென்னை, கமுகு, மிளகு, ரப்பர் பயிரிடும் அங்கத்தினர்களுக்குத் 'துரிசு மருந்து' என்ற பெயர் புதியதன்று. இதனையே வேளாண்மைத் துறையார் போர்டோக் கலவை என்பர். இவ்விரு பெயர்களின் பொருளையும் ஆராய்ந்து பார்த்தால், மருந்தை எப்படிச் சேர்ப்பது, எப்பொழுது தெளிப்பது என்ற இரண்டும் விளங்கிவிடும். பெயரைப் பிழைபடக் கொள்வதால் பணமும் பயிரும் நஷ்டமாகின்றன. ஆதலின் இதனைச் சற்று விரித்து எழுதுகிறோம்.

போர்டோ என்பது பிரெஞ்சு தேசத்தில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த துறைமுக நகரம். அமெரிக்காவிலிருந்து சென்ற அடிச்சாம்பல் என்னும் பூசண நோய் 1878-இல் அந்நாட்டுத் திராட்சையில் காணப்பட்டது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் இலையற்று நின்றன. 1882-இல் அந்நகரத்துத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, மேடோக் பகுதியில் ஒரு விந்தையைக் கண்டார். பாதையோரக் கொடிகளில் மட்டும் இலைகள் பசுமையாக இருந்தன. வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, தோட்டக்காரர் அவ்வரிசைகளில் துரிசையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து, நஞ்சிட்டதுபோல் காட்டி வைத்திருந்தனர். திருடரை விரட்டத் தெளித்தது நோயையும் விரட்டியது! ரசாயன அறிஞர் கேயோனின் துணையோடு சோதித்து, 1885-இல் மில்லார்தே இம்முறையை வெளியிட்டார்.

பிரெஞ்சு மொழியில் இதற்கு வழங்கும் பெயரில் 'கலவை' என்ற சொல்லே இல்லை. 'பூயி போர்தலேஸ்' என்பார்கள்; அதாவது போர்டோக் கஞ்சி. முதலில் வெளியிட்ட அளவு 100 லிட்டர் நீருக்கு 8 கிலோ துரிசும், அதனுடன் 30 லிட்டர் நீரில் குழைத்த 15 கிலோ சுண்ணாம்பும் ஆகும். அது கஞ்சியாகத்தான் இருந்திருக்கும். ஆங்கிலத்தார் 'மிக்ஸ்சர்' என்றனர். நாமும் அதைத் தொடர்ந்து கலவை என்றோம். கஞ்சி என்பதே பொருத்தமான பெயர் என்பது நம் கருத்து.

இதனை நெசவாளர் அங்கத்தினர்கள் எளிதில் உணர்வர். பாவுக்கு இடும் கஞ்சி அறுந்த இழையை ஒட்டவைப்பதில்லை. இழையின்மேல் உறைபோலப் படிந்து, தறியில் உராயும்போது நூல் பிசிறாமல் காக்கிறது. இம்மருந்தும் அவ்வாறே. ஈர இலையில் விழும் நோய் வித்து, நீர்த்துளியிலே முளைத்துத்தான் உள்ளே புகும். இலைமேல் படிந்த செம்பு அத்துளியில் சிறிது சிறிதாகக் கரைந்து முளையை அழிக்கும். உட்புகுந்துவிட்ட நோயை இது எட்டுவதில்லை. ஆகவே இடவப்பாதி மழை தொடங்குமுன் தெளித்தவருக்கே பயன். காய் உதிரக் கண்டபின் தெளிப்பானைத் தேடுவது, நூல் அறுந்தபின் கஞ்சி காய்ச்சுவது போலாகும்.

இனித் துரிசு என்னும் பெயர். இது தாமிர சல்பேட்டு. மயிலின் கழுத்து நிறம் கொண்டதால் மயில்துத்தம் எனவும் படும். பால்துத்தம் என்பது வேறு. அது வெண்மையான துத்தநாக உப்பு. கடுக்காயோடு சேர்த்துக் கருஞ்சாயம் ஏற்ற உதவும் அன்னபேதியோ பச்சை நிறமுடைய இரும்பு உப்பு. துத்தம் என்று மட்டும் சொல்லி வாங்குவோர் கவனிக்க வேண்டும். நல்ல துரிசு ஆழ்ந்த நீலமாயிருக்கும். பச்சை தட்டினால் அன்னபேதி கலந்திருக்கக்கூடும். (துரிசு என்ற சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருளுண்டு, கலப்படச் சரக்குக்கு அது நன்கு பொருந்தும்!)

இப்பெயரால் விளையும் பெருந்தீங்கு வேறொன்று. துரிசு மருந்து என்று சொல்லிச் சொல்லிச் சுண்ணாம்பு மறக்கப்படுகிறது. சங்க டிப்போக்களின் இருப்புப் பதிவேட்டைப் பார்வையிடுகையில், துரிசு வாங்கியவர் பலராகவும் சுண்ணாம்பு வாங்கியவர் சிலராகவும் இருப்பதைக் கண்டிருக்கிறோம். தனித்துரிசு இலையைக் கருக்கும். மழையிலும் கழுவுண்டு போகும். அதன் காரத்தைத் தணிப்பதும், செம்பைக் கரையாத நீலப்படிவாக்கி இலையில் ஒட்டவைப்பதும் சுண்ணாம்பே.

தெளிப்பதற்குரிய ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ துரிசு, 1 கிலோ நீற்றாத சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் வேண்டும். பாதி நீரில் துரிசையும், மறுபாதியில் நீற்றிய சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து வடிகட்டி, துரிசு நீரைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களே ஏற்றவை. இரும்பு வாளியும் தகர டின்னும் ஆகா. குருத்தழுகல் கண்ட தென்னையில் அழுகியதைச் செதுக்கி நீக்கியபின் பூசும் பசைக்கு, அதே எடைகளுக்கு 10 லிட்டர் நீர் போதும். பக்கத்து மரங்களுக்கு ஒரு சதவீதக் கலவையைத் தெளிக்கலாம்.

கடையில் பொடியாக விற்கும் தாமிர ஆக்ஸிகுளோரைடையும் சிலர் துரிசு என்றே அழைக்கின்றனர். அதற்குச் சுண்ணாம்பு வேண்டுவதில்லை. பையில் அச்சிட்ட அளவே அளவு.

கலந்த மருந்தில் துலக்கிய கத்தி ஒன்றை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். அலகில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சிறிது சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி பாருங்கள். கத்தி வெண்மையாகவே இருந்தால் அன்றைக்கே தெளித்துவிட வேண்டும்; மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கலாகாது.