தகராறுக் கணக்கும் வீட்டு லோனும்

அமெரிக்காவில் வீடு வாங்கக் கிளம்பும் நம்மவர்கள் பலருக்கு, தங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ‘கலெக்‌ஷன்’ என்று ஒரு வரி உட்கார்ந்திருப்பதே லோன் ஆபீசர் சொல்லித்தான் தெரியவருகிறது. நான் பார்த்தவரை காலி செய்துவிட்டு வந்த அபார்ட்மென்ட், இன்ஷூரன்ஸ் கட்டாமல் விட்ட ஆஸ்பத்திரி பில், நிறுத்திவிட்டதாக நினைத்த இன்டர்நெட் இணைப்பு, இவற்றில் ஒன்றாக இருக்கும்.

எங்களுக்கு வந்தது அபார்ட்மென்ட் வழியாக. டெக்சஸின் இர்விங்கில் வாடகை வீட்டைக் காலி செய்த பிறகு, கார்பெட் மாற்றியதற்கு 1,715 டாலர், தண்ணீர் பில் பாக்கி 145 டாலர், ஆக 1,860 டாலர் என்று நிர்வாகம் கணக்கெழுதி, அதை ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சியிடம் தள்ளிவிட்டிருந்தது. அந்தக் கார்பெட்டில் கறை நாங்கள் குடிபோன அன்றே இருந்தது. எனவே ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று பீரோக்களிலும் டிஸ்ப்யூட் போட்டிருந்தோம்.

லோன் நின்றது அந்த டிஸ்ப்யூட் குறிப்பால்தான். ஒரு கணக்கு தகராறில் இருக்கிறது என்று குறித்திருந்தால், ஸ்கோர் போடும்போது அந்தக் கணக்கின் சில விவரங்கள் கணக்கில் வராமல் போகலாம். அப்படியானால் ஸ்கோர் உள்ளதைவிட நன்றாகத் தெரியலாம் என்பது கடன் கொடுப்பவரின் கவலை. நாங்கள் கேட்டது எஃப்.எச்.ஏ. லோன், அதாவது அரசு அமைப்பின் காப்புறுதி உள்ள வீட்டுக் கடன். அதில் தகராறில் உள்ள கலெக்‌ஷன் மாதிரியான பாதகக் கணக்குகள் சேர்ந்து 1,000 டாலரைத் தொட்டால், கம்ப்யூட்டர் கொடுத்த ஒப்புதல் செல்லாது. கடன் மனுவைப் பரிசீலிக்கும் அண்டர்ரைட்டர் ஒருவர் தானே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மருத்துவக் கடன் இந்தக் கணக்கில் சேராது. வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி போகும் கன்வென்ஷனல் லோனில் நடைமுறை வேறு. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு 2025 மே மாதக் கடைசியிலிருந்து எஃப்.எச்.ஏ. கிடையாது என்பதால், அவர்கள் கன்வென்ஷனல் விதிகளைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த லோன் என்று தெரியாமல் யார் சொல்லும் யோசனையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லோன் ஆபீசர் எங்களிடம் கேட்டது ‘லெட்டர் ஆஃப் எக்ஸ்ப்ளனேஷன்’. இந்தக் கடிதத்தை எழுதும்போது மனதில் இருக்க வேண்டியது ஒன்றுதான்: அண்டர்ரைட்டர் பஞ்சாயத்துப் பேச வரவில்லை. கார்பெட் விஷயத்தில் யார் நல்லவர் என்பது அவருக்குத் தேவையில்லை. இந்தத் தொகை நாளை வழக்காகி, தீர்ப்பாகி, உங்கள் சம்பளத்தையோ வீட்டையோ தொடுமா, மாதத் தவணை கட்டும் சக்தியைக் குறைக்குமா என்பதை மட்டுமே அவர் பார்க்கிறார். ஆதங்கத்தை எல்லாம் கொட்டி இரண்டு பக்கம் எழுதினால், அவருக்கு வேண்டிய தேதி அதில் புதைந்துபோகும்.

எங்கள் கடிதம் அரைப்பக்கம். அதன் சாரம் இதுதான்: ‘ரிப்போர்ட்டில் உள்ள இந்த எண் கொண்ட கணக்கு, நாங்கள் முன்பு குடியிருந்த அபார்ட்மென்ட் தொடர்பானது. கார்பெட் கறை குடிபுகுந்தபோதே இருந்தது. இரு தரப்பும் கையெழுத்திட்ட பரிசோதனைப் படிவம் இணைப்பு 1. காலி செய்தபோது புது முகவரியை எழுத்தில் கொடுத்தோம், இணைப்பு 2. ஏஜென்சியிடம் ஆதாரம் கேட்டு அனுப்பிய கடிதமும் அஞ்சல் ரசீதும் இணைப்பு 3. இது தவிர வேறு கலெக்‌ஷன் இல்லை.’ கீழே தேதி, இருவர் கையெழுத்து.

அந்த முதல் இணைப்புதான் எங்களைக் காப்பாற்றியது. குடிபோகும் நாளில் நிர்வாகம் கொடுத்த படிவத்தில், ஹால் கார்பெட் என்ற கட்டத்துக்கு எதிரே, ‘ஜன்னல் பக்கம் பழுப்புக் கறை, உள்ளங்கை அகலம்’ என்று என் மனைவி எழுதி, மேனேஜரின் சுருக்கொப்பத்தையும் வாங்கி வைத்திருந்தாள். வாடகை வீட்டுக்குள் பெட்டியை இறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

கடிதம் போனால் மட்டும் போதாது. தகராறையே முடித்தாக வேண்டும். கலெக்‌ஷன் ஏஜென்சியின் நோட்டீஸ் கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், கடனுக்கு ஆதாரம் கொடுக்கும்வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும் என்கிறது 1977-ஆம் ஆண்டின் கடன் வசூல் சட்டம். நாங்கள் ஏஜென்சியோடு நிற்காமல், படிவத்தின் நகலோடு அபார்ட்மென்ட் நிர்வாகத்தின் கணக்குப் பிரிவுக்கும் எழுதினோம். வழக்கமான தேய்மானத்துக்கு டெபாசிட்டில் பிடிக்கக் கூடாது என்பது டெக்சஸ் சட்டம். அதனால் கார்பெட்டின் வயது என்ன என்று எங்கள் கடிதத்தில் கேட்டிருந்தோம். பதில் வரவில்லை, ஆனால் 1,715 டாலரை விலக்கிக்கொண்டார்கள். தண்ணீர் பில் எங்களுடையதுதான் என்று மீட்டர் கணக்கைப் பார்த்ததும் தெரிந்தது, அதைக் கட்டினோம். கட்டும் முன், பாக்கி இல்லை என்றும் மூன்று பீரோக்களிலிருந்தும் பதிவை எடுத்துவிடுவதாகவும் ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்கினோம். அந்தக் கடிதத்தை வைத்து லோன் ஆபீசர் ‘ரேபிட் ரீஸ்கோர்’ போட்டார். சில நாளில் ரிப்போர்ட்டைப் புதுப்பிக்கும் இந்த வழி கடன் கொடுப்பவர் மூலம்தான் நடக்கும். நாமாகப் போய்க் கேட்க முடியாது. பீரோவில் சாதாரணமாக டிஸ்ப்யூட் போட்டால் விசாரணைக்கே பொதுவாக 30 நாள் வரை ஆகும். வீட்டு விற்பனையை முடிக்கும் க்ளோசிங் தேதி அதுவரை காத்திருக்காது. லோன் நடந்துகொண்டிருக்கும்போது, லோன் ஆபீசரைக் கேட்காமல் புதிதாக எந்த டிஸ்ப்யூட்டும் போட வேண்டாம்.

“அண்ணே, பேசாம காசக் கட்டித் தொலச்சிரலாம்ல?” என்று ஒரு மதுரைத் தம்பி கேட்டான். அவசரப்பட வேண்டாம் என்றேன். தான் குடியிருக்கப் போகும் தனி வீட்டுக்குக் கலெக்‌ஷனைக் கட்டி முடிக்கச் சொல்லி ஃபேனி மே கட்டாயப்படுத்துவதில்லை. எஃப்.எச்.ஏ.யில் மருத்துவக் கடன் நீங்கலாகக் கலெக்‌ஷன் மொத்தம் 2,000 டாலரைத் தொட்டால், கட்டி முடிக்க வேண்டும், அல்லது தவணை ஒப்பந்தம் காட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பாக்கியில் 5 சதவீதத்தை மாதச் செலவாகச் சேர்த்துக்கொள்வார்கள். இதைவிடக் கறாரான விதி வைத்திருக்கும் லெண்டர்களும் உண்டு. வீட்டு லோனுக்கு நெடுங்காலமாகப் பார்த்துவந்த பழைய ஃபைகோ ஸ்கோர்களில், கட்டிவிட்டதாலேயே கலெக்‌ஷனின் கறை போய்விடாது. மிகப் பழைய கடன் என்றால், பல மாநிலங்களில் ஒரு சிறு தொகை கட்டினாலே வழக்குப் போடும் காலக்கெடு மறுபடி தொடங்கிவிடும். அந்தத் தம்பியின் ரிப்போர்ட்டில் இருந்த கடனோ அவனுடையதே இல்லை, அதே பெயருள்ள வேறொருவருடையது. அதைப் போய்க் கட்டுவதா? அவனைப் பீரோவுக்கு அடையாளச் சான்றுகளோடு பதிவுத் தபாலில் எழுதச் சொன்னேன், நீங்கியது.

வீட்டுச் சாவி வாங்கிய பிறகும் அந்தக் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். தீர்ந்த கணக்கை ஒரு ஏஜென்சி இன்னொன்றுக்கு விற்றுவிடுவதும், வேறு பெயரில் அது மறுபடி முளைப்பதும் நடக்கிறது. கலெக்‌ஷன் பதிவு முதலில் தவணை தவறிய காலத்திலிருந்து ஏறத்தாழ 7 ஆண்டுகள் ரிப்போர்ட்டில் இருக்கலாம். குறைந்தது அதுவரை ஏஜென்சியின் கடிதமும் பணம் கட்டிய ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். மூன்று பீரோக்களின் ரிப்போர்ட்டையும் இப்போது வாரம் ஒருமுறை இலவசமாகவே பார்க்கலாம்.