டி.என்.ஏ.வை வெட்டும் நொதி எங்கிருந்து வந்தது?

கேள்வி: டி.என்.ஏ.வை நினைத்த இடத்தில் வெட்டுவதற்கு ஏதோ நொதி இருக்கிறதாமே? அதைச் செய்தது யார்? எங்கே வெட்டுவது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

பதில்: நாம் நினைத்த இடத்தில் அல்ல, அது நினைத்த இடத்தில்தான் வெட்டும். ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி என்று பெயர். யாரும் செய்ததும் இல்லை. பேஜ் எனப்படும் வைரஸ்கள் உள்ளே புகுந்தால் துண்டாடிவிட பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் ஆயுதம் அது.

1950-களின் தொடக்கத்திலேயே ஒரு விசித்திரம் கண்ணில் பட்டிருந்தது. ஒருவகை பாக்டீரியாவில் செழித்துப் பெருகிய பேஜை இன்னொரு வகையில் விட்டால் அநேகமாக எடுபடவில்லை. தப்பிப் பிழைத்த சிலவற்றின் வாரிசுகளோ, அந்த இரண்டாம் வகையில் தாராளமாகப் பெருகின. 1960-களில் ஜெனீவாவில் வெர்னர் ஆர்பரும் டெய்சி டுஸ்வாவும் காரணத்தைப் பிடித்தார்கள்: புதிதாக நுழையும் டி.என்.ஏ. உடைக்கப்படுகிறது, தப்பியதன் மீது அந்த பாக்டீரியாவின் முத்திரை விழுந்துவிடுகிறது.

குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதியை 1970-இல் கையில் எடுத்துக் காட்டியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் ஸ்மித். நீண்ட டி.என்.ஏ. கரைசல் கொழகொழவென்று இருக்கும். ஹீமோஃபிலஸ் பாக்டீரியாவை உடைத்து எடுத்த சாற்றைச் சேர்த்ததும் பேஜ் டி.என்.ஏ.வின் கொழகொழப்பு குறைந்தது. அதாவது இழைகள் துண்டாகின்றன. ஹீமோஃபிலஸின் சொந்த டி.என்.ஏ.வோ அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டே அங்கிருந்த டேனியல் நேதன்ஸும் கேத்லீன் டானாவும் இதே சரக்கால் எஸ்.வி.40 வைரஸின் டி.என்.ஏ.வைப் பதினோரு துண்டுகளாக்கினார்கள். 1978-இல் ஆர்பர், ஸ்மித், நேதன்ஸ் மூவருக்கும் நோபல். டுஸ்வாவுக்கும் டானாவுக்கும் அதில் பங்கில்லாமல் போனது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

இனி, இடம் தெரிவது எப்படி? ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து கிடைத்த ஈகோ-ஆர்-ஒன் நொதி தேடுவது ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறு எழுத்து. எதிர் இழையை எதிர்த்திசையில் படித்தாலும் இதே ஆறுதான் வரும். கிட்டத்தட்ட 'விகடகவி' சமாசாரம், இரண்டு இழைகளுக்கும் சேர்த்து. நொதியும் அச்சு அசல் ஒரேமாதிரியான இரண்டு புரதங்கள் சேர்ந்தது, இழைக்கு ஒன்று. டி.என்.ஏ. முறுக்கை அது பிரிப்பதில்லை. வெளியே தெரியும் பள்ளத்தில் எழுத்துகளின் ஓரங்களைத் தடவியபடியே வழுக்கிச் செல்கிறது. ஆறும் பொருந்தினால் ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக, இழை சற்று வளைந்து கொடுக்க, மக்னீசிய அயனியின் துணையோடு ஜி-க்கும் ஏ-க்கும் இடையில் வெட்டு விழுகிறது. மக்னீசியம் இல்லாவிட்டால் இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வெட்டும் வேகம் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

வெட்டு இரண்டு இழைகளிலும் நேருக்கு நேர் விழாமல் தள்ளி விழுவதால், முனைகளில் நான்கெழுத்து வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதி வெட்டிய வேறெந்த டி.என்.ஏ.வும் அதில் ஒட்டும். 1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் ஜீன்களை ஒட்டிக் காட்டியது இந்த வாலை நம்பித்தான்.

சொந்த டி.என்.ஏ.வில் அதே ஆறெழுத்து வராதா? வரும், சராசரிக் கணக்கில் 4,096 எழுத்துக்கு ஒருமுறை. அங்கெல்லாம் இரண்டாவது ஏ-யின் மீது ஒரு மெத்தில் தொகுதியை இன்னொரு நொதி ஒட்டி வைத்துவிடுகிறது. செல் பிரியும்போது புதிய இழை வெறுமையாக இருந்தாலும் பழைய இழையிலுள்ள மெத்தில் காப்பாற்றும். ஆர்பர் கண்ட முத்திரையும் இந்த ரகம்தான்.

வைரஸும் சளைத்ததல்ல. டி4 என்ற பேஜ் தன் சி எழுத்துகளை, அதாவது சைட்டோசின்களை, மாற்றி, அவற்றின் மேல் குளுக்கோஸைப் பூசிக்கொண்டு வருகிறது. அதனிடம் ஈகோ-ஆர்-ஒன்னின் வேலை பலிப்பதில்லை.