ஸ்டீராய்டு போட்டிருந்தால் தம்பி பிழைத்திருப்பானா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. நூல் மில்லில் வேலை. போன தை மாதம் மஞ்சள் காமாலை வந்தது. ஒரு வாரம் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம், உப்பில்லாத கஞ்சிதான் சாப்பாடு. எட்டாம் நாள் நடுராத்திரி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “ஷிப்டுக்கு நேரமாச்சு” என்று கதவைத் திறந்தான். லீவில் இருக்கிறாய் என்றால் சண்டைக்கு வருகிறான். விடிந்ததும் திண்டுக்கல் கொண்டுபோனோம், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஹெபடைடிஸ் பி, கல்லீரல் செயலிழந்து மூளையும் வீங்கிவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டான். சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு இதேபோல் கல்லீரல் கெட்டு, ஸ்டீராய்டு கொடுத்துப் பிழைத்தாள். தம்பிக்கும் போடச் சொல்லிக் கெஞ்சினோம், டாக்டர் மறுத்துவிட்டார். எங்கள் பெரியப்பா மூட்டுவாதத்துக்கு வருஷக்கணக்காக அந்த மாத்திரையைத்தான் விழுங்குகிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டும் கொடுக்காமல் விட்டார்களே என்று அம்மா தினமும் அழுகிறார்.
— ஒரு வாசகி, வேடசந்தூர்

பதில்: அன்புச் சகோதரி, அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்த ஊசியைப் போடாததால் தம்பி போகவில்லை. மறுத்த மருத்துவர் சரியாகத்தான் செய்தார்.

நீங்கள் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. பி வைரஸ் கல்லீரலை நேரடியாகத் தின்பதில்லை. வைரஸ் புகுந்த செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அடித்து நொறுக்குகிறது. அந்தச் சக்தியை அடக்குவது ஸ்டீராய்டின் வேலை. அப்படியானால் கல்லீரல் தப்புமே என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களும் நினைத்தார்கள், கொடுத்தும் பார்த்தார்கள். 1976இல் அமெரிக்காவில், கடுமையான வைரஸ் காமாலை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில்தான் சாவு கூடுதல். 1979இல் ஐரோப்பாவிலும் 1991இல் மீண்டும் அமெரிக்காவிலும் சோதித்தார்கள். கல்லீரல் செயலிழந்தவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

காரணம் மூன்று. நினைவு தப்பும் கட்டத்தில் கல்லீரல் செல்கள் பெருமளவு செத்திருக்கும், இனி அடக்கிக் காப்பாற்ற மிச்சம் குறைவு. கல்லீரல் விழுந்தவரைக் கிருமித்தொற்று எளிதில் பிடிக்கும், ஸ்டீராய்டு அதற்கும் கதவைத் திறந்துவிடும். மூன்றாவது பி வைரஸுக்கே உரியது: அதன் மரபணுவில் ஸ்டீராய்டு வந்து ஒட்டிக்கொள்ளும் இடம் இருக்கிறது. ஒட்டினால் வைரஸ் இன்னும் வேகமாகப் பெருகும்.

மூளை வீக்கத்துக்காவது போட்டிருக்கலாமே என்று தோன்றும். மூளைக் கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்தை ஸ்டீராய்டு வடியவைக்கும். தம்பிக்கு வந்தது வேறு. கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா மூளைக்குப் போய் அங்குள்ள செல்களையே ஊதவைக்கிறது. அதற்கு மானிட்டாலும் அடர்த்தி கூடிய உப்புக் கரைசலும்தான் கைகொடுக்கும்.

சொந்தக்காரப் பெண் பிழைத்ததும் பொய்யில்லை. ஸ்டீராய்டு கேட்கும் கல்லீரல் நோய் ஒன்று உண்டு. வைரஸே இல்லாமல் உடம்பு தன் கல்லீரலைத் தானே தாக்கும் நோய் அது, பெண்களுக்கே அதிகம் வருகிறது. அவருக்கு அதுவாக இருந்திருக்கலாம், பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். மஞ்சள் ஒன்றுதான், நோய் வேறு.

பி வைரஸுக்கு இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் உண்டு. கல்லீரல் விழுந்த பிறகு உயிர் காப்பதில் முதலிடம் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு. ரத்தத்தின் பிளாஸ்மாவை எடுத்து மாற்றும் முறையும் பலன் தருவதாக 2016இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு சொன்னது. எலி பேஸ்ட் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு வருபவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யில் இம்முறையைக் கையாள்கிறார்கள். எதற்கும் நோயாளி சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

கீழாநெல்லியை நான் திட்டப்போவதில்லை. பி வைரஸை நெடுநாள் சுமப்பவர்களிடம் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே அதைச் சோதித்து 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அதில் கண்ட பலன் பிற்பாடு மற்ற ஊர்ச் சோதனைகளில் கிடைக்கவில்லை. விழுகிற கல்லீரலை நிறுத்த அதனால் ஆகாது. பெரும்பாலான காமாலை தானாகவே ஆறிவிடும், அதனால்தான் எந்தச் சாற்றுக்கும் நல்ல பெயர் கிடைக்கிறது. ஆறாத ஒன்றை முன்கூட்டிக் காட்டுவது பி.டி. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. அது 1.5ஐத் தாண்டினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்திருப்பது, வேலை நாள் எது லீவு நாள் எது என்று குழம்புவது, கையை முன்னே நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று விழுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஷிப்டுக்குக் கிளம்பியவனைப் பார்த்து, அது கல்லீரல் நோய் மூளைக்கு ஏறியதன் அடையாளம் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. அந்த ராத்திரிக்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள், தம்பிக்கு மணமாகியிருந்தால் மனைவி, எல்லோரும் ஹெச்.பி.எஸ். ஏஜி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த வைரஸ் தாயிடமிருந்து பிள்ளைக்கும், ரத்தம், உடலுறவு வழியாகவும் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. வைரஸ் இல்லை, முன்பு தடுப்பூசியும் போட்டதில்லை என்றால் இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று ஊசி. வைரஸ் இருந்தால் பரிசோதனையும் மருந்தும் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம், அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

வரிசையில் முதல் ஆளாகப் பெரியப்பாவை நிறுத்துங்கள். பி வைரஸ் ஒளிந்திருக்கும் உடம்பில் நெடுநாள் ஸ்டீராய்டு போனால், உறங்கும் வைரஸ் எழுந்து கல்லீரலைச் சாய்த்துவிடும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அது வேறு ஆபத்து. மாத்திரை எழுதிய மருத்துவரிடம் தம்பிக்கு வந்த நோயைச் சொல்லி, அந்த ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள்.