எந்த உதவித்தொகை எதோடு சேரும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரமே வாட்ஸ்அப் குழுக்களில் உதவித்தொகைப் பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிடும். பெரிய தொகை மேலே, சின்னத் தொகை கீழே. இந்த வரிசையை நம்பி விண்ணப்பிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மேலே நிற்கும் 2 லட்சம் ஊரே போட்டியிடும் தொகை. அடியில் கிடக்கும் மாதம் 1,000 ரூபாயோ, தகுதி இருந்தால் வந்தே தீரும். அதனால் ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். தகுதி இருந்தாலே கிடைக்குமா, போட்டியிட வேண்டுமா? இதை வாங்கினால் வேறு எதை விட வேண்டும்?

முதலில் கட்டணம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் சீட் வாங்கினால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதற்கு மேல் கணக்குப் போட ஒன்றுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்து இருப்பது தொழிற்படிப்புக் கல்விக் கட்டணத்தில் தரப்படும் முதல் பட்டதாரிச் சலுகை. சாதி கேட்பதில்லை, வருமானம் கேட்பதில்லை. வீட்டில் பெற்றோர், அண்ணன், அக்கா என யாராவது ஏற்கெனவே பட்டதாரியாக இருந்தால் கிடைக்காது.

இந்த இரண்டுக்குமே கவுன்சலிங் வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். ‘சீட் போய்விடும்’ என்று பயமுறுத்துகிறார்களே என்று ஏப்ரல் மாதமே மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டும் பெற்றோர், தாங்கள் எதை இழக்கிறோம் என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். அதே கல்லூரியில், அதே பாடத்தில் கவுன்சலிங்கில் சேர்ந்திருந்தால் சலுகை உண்டு. கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை யோசித்தால் நல்லது.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொழிற்படிப்பு மட்டுமல்லாமல் கலை, அறிவியல், பாலிடெக்னிக் படிப்புகளுக்கும் உண்டு என்பதால் முதல் பட்டதாரிச் சலுகையைவிட இதன் வீச்சு பெரிது.

அடுத்தது கைச்செலவு. புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால் போதும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. தமிழக அரசு இதை மற்ற உதவித்தொகைகளோடு சேர்த்து வாங்க விடுகிறது.

சிக்கல் மத்திய அரசுப் பக்கம். கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை முதல் மூன்று ஆண்டு ஆண்டுக்கு 12,000, முதுகலையில் 20,000 ரூபாய். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 12ஆம் வகுப்பில் தன் போர்டில் எழுதியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் 50 சதவீத மார்க், 75 சதவீத வருகைப்பதிவு இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கக் கூடாது என்கிறது விதி. ஒரு திட்டம் ‘சேர்த்து வாங்கலாம்’ என்று சொன்னால் மட்டும் போதாது, மற்றதும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு 12,000. முதல் மூன்று ஆண்டும் இரண்டும் ஒரே தொகைதான்! அரசுப் பள்ளியில் படித்த பெண், மார்க்குக்கும் வருகைப்பதிவுக்கும் பயந்துகொண்டு மத்தியத் துறை உதவித்தொகைக்கு ஓட வேண்டியதில்லை. முதல் பட்டதாரிச் சலுகையில் பொறியியல் படிப்பவர் 12,000க்காக அதை விடுவதும் வீண். தனியார் பள்ளியில் நல்ல மார்க் வாங்கி, கட்டணம் குறைந்த அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்து, எம்.எஸ்சி.யும் படிக்க நினைப்பவருக்கு மத்தியத் துறை உதவித்தொகை பொருத்தமானது.

வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டிவிட்டது, இனி நமக்கு ஒன்றுமில்லை என்று ஒதுங்கும் குடும்பங்கள் ஏராளம். ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி 8 லட்சம் வரை வருமானம் உள்ள வீட்டுப் பெண்களுக்கு, தொழில்நுட்பப் பட்டம் அல்லது டிப்ளமோ படிக்க ஆண்டுக்கு 50,000 தருகிறது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள்வரை வாங்கலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதே அளவில் சக்ஷம் இருக்கிறது.

தனியார் அறக்கட்டளைகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். ரிலையன்ஸ் பவுண்டேஷன் இளங்கலை உதவித்தொகை 2 லட்சம் வரை என்பது முழுப் படிப்புக்கும் சேர்த்து. திறனறித் தேர்வும் உண்டு. அகரம் போன்றவை வீட்டுக்கே வந்து நிலைமையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன. இங்கே ‘நாங்கள் ஏழைகள், உதவுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. அப்பா என்ன வேலை, மாதம் எவ்வளவு கூலி, வாடகை எவ்வளவு, இன்னும் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். ‘பிராசஸிங் கட்டணம்’ கேட்டு யார் போன் செய்தாலும் வைத்துவிடுங்கள்.

எதற்கு விண்ணப்பித்தாலும் ஜூன் மாதத்துக்குள் இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, தேவையானால் முதல் பட்டதாரிச் சான்று வாங்கி வைத்துவிடுங்கள். பெயரும் இனிஷியலும் மார்க் ஷீட்டில், ஆதாரில், வங்கிப் புத்தகத்தில் ஒன்றுபோல இருக்கட்டும். அரசுத் தொகை பெரும்பாலும் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வராது, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். பள்ளிக்கூடத்தில் தொடங்கி, வருடக்கணக்கில் தொடாமல் கிடக்கும் பழைய கணக்காக அது இருந்தால் பணம் திரும்பிவிடும். விண்ணப்பிக்கும் முன்பே வங்கிக்குப் போய், எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று கேட்டு, இப்போது பயன்படுத்தும் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.