கூம்ப்ஸ் பரிசோதனை 'பாசிட்டிவ்' என்றால் இரத்தம் அழிகிறது என்று பொருளா?

இரத்தசோகைக்குக் காரணம் தேடும்போது, சில நோயாளிகளின் அறிக்கையில் 'நேரடிக் கூம்ப்ஸ் பரிசோதனை: பாசிட்டிவ்' என்று வருவதுண்டு. உடலே தன் இரத்தத்தை அழிக்கிறதோ என்று குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் சில வேளைகளில் நியாயமானது. எல்லா வேளைகளிலும் அன்று.

1945ஆம் ஆண்டில் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகிய மூவர் இங்கிலாந்தில் வெளியிட்ட முறையே இப்பரிசோதனைக்கு அடிப்படை. சிவப்பணுவின் மேற்பரப்பில் எதிர்ப்பொருளோ அதற்குத் துணையான புரதமோ ஒட்டியுள்ளதா என்பதை மட்டுமே இது காட்டும். அது ஏன் ஒட்டியது, அதனால் அணு சிதைகிறதா என்பவற்றை இது கூறாது.

எதிர்ப்பொருள் சிவப்பணுவில் சேரும் வழிகள் இரண்டு. ஒன்று, அணுவின் மேலுள்ள குறிப்பிட்ட மூலக்கூறை இலக்காகக் கொண்டு இறுகப் பற்றுதல். தன்னெதிர்ப்பு இரத்தச் சிதைவு நோயில் நிகழ்வது இதுவே. மற்றொன்று, இலக்கு ஏதுமின்றிப் படிதல். செம்மண் சாலையில் நடப்பவரின் வேட்டியில் புழுதி படிவதைப் போன்றது இது. நாட்பட்ட கல்லீரல் நோய், மைலோமா போன்றவற்றில் இரத்தத்தில் குளோபுலின் புரதம் மிகும்போது இவ்வாறு நேரலாம். செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்த சில மருந்துகளும், டாசோபாக்டம் போன்றவையும் அணுவின் மேற்பரப்பை மாற்றுவதால், பல்வேறு புரதங்கள் அதில் படியக்கூடும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய, ஒட்டிய எதிர்ப்பொருளை அணுவிலிருந்து பிரித்தெடுத்து, வேறு சிவப்பணுக்களுடன் சேர்த்துப் பார்க்கிறோம். எவற்றுடனும் அது வினைபுரியாவிடில், இலக்கற்ற படிவாகவோ மருந்தின் விளைவாகவோ இருக்கலாம். ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட், பிலிருபின், எல்.டி.எச். அளவுகளையும் சேர்த்தே முடிவுக்கு வருகிறோம். இவற்றில் சிதைவின் அடையாளம் இல்லையெனில், பெரும்பாலும் கண்காணிப்பே போதுமானது.

எனினும், அலட்சியம் கூடாது. இதே மருந்துகள் அரிதாகக் கடுமையான இரத்தச் சிதைவையும் உண்டாக்கலாம். ஆகவே, அண்மையில் உட்கொண்ட மாத்திரைகள், போட்டுக்கொண்ட ஊசிகள், ஏற்றப்பட்ட இரத்தம் ஆகியவற்றின் விவரங்களை மருத்துவரிடம் தவறாது தெரிவியுங்கள். அறிக்கையைக் கண்டு மருந்துகளைத் தாமாக நிறுத்த வேண்டா. கண்கள் மஞ்சளாதல், சிறுநீர் கருந்தேநீர் நிறமாதல், மூச்சுத்திணறல், திடீர்ச் சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு வாருங்கள். அறிக்கையின் ஒற்றைச் சொல்லைவிட, நோயாளியின் நிலையே எங்களுக்கு முதன்மையானது.